தமிழ்நாட்டில் தெலுங்கு, உருது, கன்னடப் பள்ளிகள்: கட்டாயத் தமிழா பிரச்சினை, காலிப் பணியிடமா?

ஓசூர்க்காரன்

எங்கள் பக்கம் மறுபடியும் அதே பேச்சு கிளம்பியிருக்கிறது. கட்டாயத் தமிழ் வந்ததால்தான் தெலுங்கு வழிப் பள்ளிகள் காலியாகின்றன என்று ஒரு தரப்பு. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் படிக்க என்ன கசக்கிறதா என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் ஒரே டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. அதற்கு முன் பகுதி ஒன்று எனப்படும் முதல் மொழிப் பாடத்தில் தமிழையோ தாய்மொழியையோ எடுத்துக்கொள்ளலாம். சட்டம் 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. தாய்மொழி விருப்பப் பாடமாகப் பின்னால் போனது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

என் அக்கா பையன் இங்கே ஓர் அரசுப் பள்ளியில் தெலுங்கு வழியில் ஒன்பதாவது படிக்கிறான். தமிழில் வாய் ஓயாமல் பேசுவான். பரீட்சை என்றால் மட்டும் முகம் வாடிவிடும். அடுத்த வருடம் பொதுத்தேர்வு.

நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கே சிக்குகிறது? மேடை வசனம் வேண்டாம்.

வழக்குக்கட்டு

சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவில் இருக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்பது 350ஏ. 1956இல் ஏழாவது திருத்தத்தில் சேர்த்தது. யார் மொழிச் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அலகாக வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே ஆந்திராவில் பெரும்பான்மையான தெலுங்கு இங்கே சிறுபான்மை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கு பேசுவோர் ஏறத்தாழ 5.9 சதவீதம். கன்னடமும் உருதுவும் தலா 1.8ஐ ஒட்டி, மலையாளம் 1.

இன்னொரு பக்கமும் உண்டு. மகாராஷ்டிராவில் குஜராத்தி சிறுபான்மையினர் நடத்திய பள்ளிகள், மராத்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. 2004இல் தோற்றன. மாநில மொழியைக் கற்கச் சொல்வது சிறுபான்மை உரிமையைப் பறிப்பதாகாது என்பதுதான் தீர்ப்பு. அதனால் "சட்டத்தையே தூக்கு" என்று கேட்பவர்களுக்கு நீதிமன்றத்தில் பெரிய வழி இல்லை.

நடந்துகொண்டிருப்பது விலக்கு விளையாட்டு. 2016இல் முதல் அணி தேர்வெழுதப் போனபோது சென்னை உயர் நீதிமன்றம் போனவர்களுக்கு விலக்கு கிடைத்தது. பிறகு அதையே நீட்டி நீட்டி, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓராண்டுக்குக் கொடுத்தது. தேதியைப் பாருங்கள். உத்தரவு பிப்ரவரியில், பொதுத்தேர்வு ஏப்ரலில். ஜனவரி வரை அந்தப் பிள்ளை தமிழ்த் தாளுக்குப் படிக்க வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாது.

மறத்தமிழன்77

கர்நாடகம் 2015இல் கன்னடம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. கேரளம் 2017இல் மலையாளம். தெலங்கானா 2018இல் தெலுங்கு. அங்கெல்லாம் யாரும் இப்படி உட்கார்ந்து அழவில்லை. நாம் செய்தால் மட்டும் கொடுமையா? பத்து வருடம் கழித்து இதே பிள்ளை டி.என்.பி.எஸ்.சி. எழுத வரும்போது தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். அப்போது யார் விலக்கு தருவார்கள்?

பாலாற்றங்கரை

மறத்தமிழன் அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான். எங்கள் ஊரில் யாரும் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வாணியம்பாடி. உருது வழிப் பள்ளி ஒன்றில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். எங்கள் பிரச்சினை உங்கள் விவாதத்தில் வரவே இல்லை. அது இனச்சுழற்சி.

ஆசிரியர் பணியிடம் எல்லாமே 69 சதவீத இடஒதுக்கீட்டுப் பட்டியலின்படி சுழலும். நூற்றுக்கு பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1. நல்ல ஏற்பாடு. கணக்கு வாத்தியார் வேலைக்கோ தமிழ் வாத்தியார் வேலைக்கோ எல்லாச் சமூகத்திலும் ஆள் இருக்கிறார்கள். உருது வழியில் பாடம் எடுக்கும் வேலைக்கு? தமிழ்நாட்டில் உருது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த 3.5க்குள் வருபவர்கள். பொதுப் பிரிவு 31ஐயும் அவர்களே எடுத்தாலும் 34.5தான் ஆச்சு. மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு இடம் எம்.பி.சி. முறை, எஸ்.சி. முறை என்று வரும்போது விண்ணப்பம் போட ஆளே இருக்காது. "தகுதியான நபர் இல்லை" என்று கோப்பில் எழுதி அடுத்த தேர்வுக்குத் தள்ளிவிடுவார்கள். அடுத்த தேர்விலும் அதே வரி.

விளைவு என்ன? எங்கள் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு. கரும்பலகையைச் சாக்கட்டியால் குறுக்கே கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருக்கிறார் தலைமையாசிரியை. இடது பக்கம் மூன்றாம் வகுப்புக் கழித்தல், நடுவில் நான்காம் வகுப்பு, வலது பக்கம் ஐந்தாம் வகுப்பு அறிவியல். உருது வலமிருந்து இடம் எழுதுவது, கணக்கு இடமிருந்து வலம். அவர் கை நடுவில் முட்டிக்கொள்ளும். நடுவே எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்ற வேண்டும், காலை உணவுக் கணக்கு அனுப்ப வேண்டும்.

இதைப் பார்க்கும் தகப்பன் என்ன செய்வான்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு நர்சரி பள்ளிக்குப் போவான். தோல் கம்பெனியில் கூலி வேலை செய்கிறவன் கூட பீஸ் கட்டுகிறான்.

மறத்தமிழன்77

அதாவது இடஒதுக்கீட்டைத் தளர்த்தச் சொல்கிறீர்கள். இன்று உருதுக்கு, நாளை இன்னொன்றுக்கு. இப்படித்தான் ஓட்டை விழும்.

பாலாற்றங்கரை

தளர்த்தச் சொல்லவில்லை அண்ணே. எம்.பி.சி. நண்பருக்கோ எஸ்.சி. நண்பருக்கோ போக வேண்டிய வேலையை எடுத்து எங்களுக்குக் கொடு என்று எவனும் கேட்கவில்லை. அந்த வேலை அவர்களுக்கும் போகவில்லை, எங்களுக்கும் வரவில்லை, யாருக்கும் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. அந்தச் சமூகங்களுக்கு அதே எண்ணிக்கையில் தமிழ் வழிப் பணியிடத்தில் ஈடு செய்துவிட்டு, உருது வழி இடங்களைத் தனித் தொகுப்பாக நிரப்பலாம். மொத்தக் கணக்கில் ஒருவருக்கும் ஒரு இடம் கூடக் குறையாது.

ரிட்டயர்டு வாத்தியார்

இதில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டும். தெலுங்குக்கு இந்த இனச்சுழற்சிச் சிக்கல் அவ்வளவாகக் கிடையாது. தெலுங்கை வீட்டில் பேசுபவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். அருந்ததியர் வீடுகள் பலவற்றில் இன்றும் தெலுங்குதான். ஆகவே உருதுக்குச் சொல்லும் மருந்தைத் தெலுங்குக்கும் கொடுத்தால் வேலை செய்யாது. அங்கே நோய் வேறு.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு வழி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுத்தவன். அனுபவத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். சந்தையில், பஸ்ஸில், டிவியில் கேட்டு வளர்ந்தவர்கள். எழுத்தில்தான் மாட்டுவார்கள். தெலுங்கில் க-வுக்கு நான்கு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி. தமிழில் ஒரே க-வை இடத்துக்குத் தக்கபடி நாமாக மாற்றி வாசிக்க வேண்டும். "சார், இதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். தமிழ்ப் பிள்ளை ஒருநாளும் கேட்காத கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பாடநூல் என்னிடம் இல்லை, எனக்கு அதற்கான பயிற்சியும் யாரும் கொடுத்ததில்லை. நானாக ஒரு நோட்டில் தெலுங்கு எழுத்தும் தமிழ் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பேற்றினேன்.

பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். குறளுக்கு அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வார்கள். நேர் நிரை பிரித்து கூவிளம், புளிமா என்று தமிழ்ப் பிள்ளைகளே தடுமாறும் கேள்வி அது. வீட்டில் தெலுங்கு பேசி, வகுப்பில் கணக்கும் அறிவியலும் தெலுங்கில் படிக்கும் பிள்ளையும் அதையே எழுத வேண்டும். ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிகிறதா, செய்தித்தாள் வாசித்துப் புரிகிறதா என்று சோதித்தால் என் பிள்ளைகள் எண்பது எடுப்பார்கள். அவர்களை யாப்பில் தோற்கடித்துவிட்டு, தமிழ் வரவில்லை என்கிறோம்.

சட்டம் தமிழ் கற்கச் சொல்கிறது. எந்த அளவில், எந்தப் படியில் என்பது பாடத்திட்டம் போடுகிறவர்கள் கையில். இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்குத் தனிப் படிநிலை வைக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு வருடமும் கோர்ட்டுக்குப் போய் விலக்கு வாங்குகிறார்கள். விலக்கு வாங்கிய பிள்ளைக்குத் தமிழும் இல்லை. மறத்தமிழன் கேட்ட டி.என்.பி.எஸ்.சி. கேள்வி அந்தப் பிள்ளைக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

ஓசூர்க்காரன்

வாத்தியார் சார், அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? ஸ்கேன் பண்ணிப் போட முடிந்தால் புண்ணியமாகப் போகும்.

ரிட்டயர்டு வாத்தியார்

பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் தம்பி. எனக்குப் பிறகு வந்தவரிடம் கொடுத்தேன். அவரும் மாறுதலில் போய்விட்டார்.

பத்மா_கிருஷ்ணகிரி

ஆண்கள் எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் அம்மா, என் கணக்கைச் சொல்கிறேன்.

நான் தெலுங்கு வழியில் பத்தாவது வரை படித்தவள். என் மகளை ஆங்கில வழி மெட்ரிக் பள்ளியில்தான் போட்டேன். தமிழுக்குப் பயந்து இல்லை. தெலுங்கு வழியில் படித்தால் பிறகு எங்கே போவது என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. கல்லூரி ஆங்கிலத்தில். பாலிடெக்னிக் ஆங்கிலத்தில். அரசு வேலைக்குப் போனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2010 சட்டம். அதே மாதிரி அரசுப் பள்ளியில், அதே வறுமையில், தெலுங்கு வழியில் படித்த பிள்ளைக்கு அது கிடையாது. கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தை அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரித்தபோதும் அறிவிப்பில் "தமிழ் வழி" என்றுதான் இருந்தது. மாதம் 1000 ரூபாய் எங்களைப் போன்ற வீட்டில் சின்னக் காசு இல்லை.

ஆக, தமிழ் வழிக்குச் சலுகை, ஆங்கில வழிக்குச் சந்தை. நடுவில் எங்களுக்கு என்ன? யாரும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் அந்த வழியாகப் போனால் எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியாது.

அப்புறம் விருப்ப மொழி விஷயம். ரொம்ப வருடம் அந்தத் தாளின் மதிப்பெண் எதற்கும் உதவவில்லை. உதவாத பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும்? 2024-25 முதல் அதிலும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி, சான்றிதழிலும் சேர்ப்போம் என்றார்கள். இப்போது தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், அதற்கு மேல் தெலுங்கு. மதிப்பு கொடுத்தார்கள் என்று சந்தோஷப்படுவதா, இன்னொரு தாளில் பெயில் ஆக வழி செய்தார்கள் என்று பயப்படுவதா?

மறத்தமிழன்77

பத்மா அக்கா, 20 சதவீத முன்னுரிமை தமிழ் வழியைக் காப்பாற்ற வந்தது. ஆங்கில மோகத்துக்கு எதிராக. அதை மற்ற மொழிகளுக்குப் பிரித்தால் நோக்கமே போய்விடும்.

பத்மா_கிருஷ்ணகிரி

பிரிக்கச் சொல்லவில்லை தம்பி. தாய்மொழி வழியில் படித்தவருக்குப் பரிசு என்றால், எந்தத் தாய்மொழி என்று பார்க்காமல் எங்களுக்கும் ஒரு வழி யோசியுங்கள் என்கிறேன். எங்கள் பிள்ளைகளும் அதே ஆங்கில மோகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

திம்பம்27

தாளவாடியிலிருந்து எழுதுகிறேன். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால்தான் எங்கள் ஊர். எங்களுக்குச் சத்தியமங்கலத்தை விட சாம்ராஜ்நகர் பக்கம். சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாண சம்பந்தம் எல்லாம் அந்தப் பக்கம். கன்னட வழிப் பள்ளி என்பது எங்களுக்குக் கொள்கை ஒன்றும் இல்லை, வீட்டில் பேசுவதைப் பள்ளியில் பேசுவது. அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சிக்கல் நேர்மாறானது. கன்னட ஆசிரியர்கள் உள்ளூர்க்காரர்கள், இருக்கிறார்கள். தமிழ் எடுக்கக் கீழேயிருந்து வருகிறவர்கள்தான் நிற்பதில்லை. இரவில் மலைப்பாதையில் போக்குவரத்துத் தடை, புலிகள் காப்பகம், வீடு கிடைக்காது. இடமாறுதல் கலந்தாய்வு எப்போது வரும் என்று காத்திருந்து இறங்கிவிடுகிறார்கள். அதாவது தமிழைக் கட்டாயமாக்கிய அரசாங்கம் தமிழ் வாத்தியாரைத்தான் அனுப்ப முடியாமல் திணறுகிறது! பாடப் புத்தகமும் அப்படித்தான். தமிழ், ஆங்கிலப் புத்தகம் பள்ளி திறக்கும் அன்றே வந்துவிடும். கன்னடப் புத்தகம் கொஞ்சம் பொறுத்து வரும். அதுவரை போன வருடப் பிள்ளைகளின் கிழிந்த புத்தகம்.

பத்தாவது முடித்தபின் எங்கள் பிள்ளைகள் பலர் கர்நாடகப் பக்கம் போகிறார்கள். எல்லையோரக் கன்னடர் என்ற பிரிவில் அங்கே தொழிற்கல்விச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் திரும்ப வருவது குறைவு.

தங்கவயல் மைந்தன்

இதையெல்லாம் படிக்கும்போது கோலார் தங்கவயலைப் பற்றி யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. மாநிலம் மட்டும் மாறியிருக்கிறது. சுரங்கம் 2001இல் மூடியது. அதற்கு முன்பே தமிழ் வழி வகுப்புகள் சுருங்க ஆரம்பித்துவிட்டன. அங்கும் இதே கதை: ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்பாது, இடம் நிரம்பாததால் பிள்ளை குறையும், பிள்ளை குறைந்தது என்று இடத்தையே எடுத்துவிடுவார்கள்.

1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு விதி ஒத்துக்கொண்டார்கள். ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் வேறு தாய்மொழிக்காரர்கள் இருந்தால் அந்த மொழியில் சொல்லித்தர ஆசிரியர் போட வேண்டும். இன்றைக்கு யார் அதைச் சொல்லி வாதாடுகிறார்கள்? பெங்களூரில் தமிழ் வகுப்புக்காக நாங்கள் கர்நாடக அதிகாரியிடம் போய் நின்றால், "உங்கள் மாநிலத்தில் கன்னடப் பள்ளிகளை எப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். திம்பம்27 எழுதியதை நான் அவரிடம் எப்படிக் காட்டுவது?

மறத்தமிழன், கோபிக்க வேண்டாம். வெளி மாநிலத்தில் இருக்கும் எங்களுக்கு தமிழ்நாடு இந்த விஷயத்தில் நன்றாக நடந்துகொண்டால்தான் கையில் ஒரு வாதம் இருக்கும்.

மறத்தமிழன்77

கோபம் இல்லை. கட்டாயத் தமிழில் நான் ஒரு அங்குலம் கூட நகர மாட்டேன். ஆனால் தாளவாடிக்குத் தமிழ் வாத்தியார் போகவில்லை என்றால் அதற்கு நானும் போராட்டத்துக்கு வருவேன். உருது இனச்சுழற்சி விஷயத்தில் ஈடு செய்வதாக இருந்தால் சரி, அதற்கு அரசாணை வரைவு யாராவது எழுதிப் பாருங்கள். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் நம்ப மாட்டேன்.

கீபோர்டு கிறுக்கன்

ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? 1968லிருந்து நாம் இருமொழிக் கொள்கை. ஆனால் ஓசூர் தெலுங்குப் பையன் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என்று மூன்று மொழி படிக்கிறான். பத்தாவது முடித்த நம் வீட்டுப் பிள்ளை மார்க்குக்காக பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சுக்குத் தாவுகிறான். அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

வழக்குக்கட்டு

கிறுக்கன் சொன்னதை மறத்தமிழன் அடுத்த மேடையில் பேசலாம்.

இன்னொரு விஷயம், இது அவசரம். ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பாக 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் தெலுங்கு, உருது வழியில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. அவர் அரசு ஊழியர், பள்ளி "சிறுபான்மை நிறுவனம்" கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் இதில் தேறாமல் போனால் பாலாற்றங்கரை சொன்ன கரும்பலகையில் கோடு போடக்கூட ஆள் இருக்காது.

உதவி பெறும் பள்ளிகளுக்கு வேறு தலைவலி. 1991-92க்குப் பிறகு தொடங்கிய பள்ளிக்கோ வகுப்புக்கோ அரசு மானியம் கிடையாது. பழைய பள்ளிகள் பழைய பணியிடத்தை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

ஓசூர்க்காரன்

படித்துப் பார்த்தால் எனக்குப் புரிவது: மொழிக்கு மொழி நோய் வேறு. உருதுக்கு இனச்சுழற்சி. தெலுங்குக்குப் படித்தபின் போக வழி. கன்னடத்துக்கு மலை. எல்லோரையும் சேர்த்து "கட்டாயத் தமிழ் வழக்கு" என்று ஒரே கட்டாகக் கட்டி நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டதால், மற்ற எதையும் யாரும் அரசிடம் கேட்கவே இல்லை. இந்த வருடம் என் அக்கா ஊரில் ஒன்றைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எதிலிருந்து தொடங்குவது?

ரிட்டயர்டு வாத்தியார்

பணியிட நிர்ணயத்திலிருந்து. ஆகஸ்ட் 1 அன்று எமிஸில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் இடம் போடுவார்கள். பல பள்ளிகளில் தமிழ் வழி, தெலுங்கு வழி இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஓடும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஆசிரியர் போதும் என்று தெரியும், பணிநிரவல் என்று சொல்லி ஒருவரை உபரியாக வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். அவர்தான் தெலுங்கு தெரிந்தவராக இருப்பார். அதனால் வழிவாரியாகக் கணக்குக் கேளுங்கள்.

பாலாற்றங்கரை

நாங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுவின் வாசகம் இது, அப்படியே எடுத்து மொழியை மாற்றிக்கொள்ளுங்கள்: "மாவட்டத்தில் உருது வழியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள், அவற்றில் நிரப்பப்பட்டவை, காலியானவை, ஒவ்வொரு காலிப் பணியிடமும் எந்த இனச்சுழற்சிப் பிரிவில் எந்த ஆண்டு முதல் காலியாக உள்ளது என்ற விவரம், பள்ளிவாரியாக." கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாமல் கேட்டால் மொத்த எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொடுத்து முடித்துவிடுவார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஓசூர்க்காரன்

யாருக்கு அனுப்புவது? மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகமா, முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகமா?

பாலாற்றங்கரை

முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கே போடுங்கள். தொடக்கக் கல்வி, இடைநிலை இரண்டும் அங்கேதான் சேரும். கீழே அனுப்பினால் "எங்கள் பிரிவு இல்லை" என்று ஒரு மாதம் போய்விடும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கான படிவத்தை நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.

மறத்தமிழன்77

தாளவாடி மனுவில் தமிழ் ஆசிரியர் காலியிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள் திம்பம். அந்த ஸ்டாம்ப் காசு என்னுடையது.